பொன்னுத்தங்கத்தின் சாட்சி

முருகம்மாள் வந்து நின்றபோது நான் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அலுமினியப் பொடி நகக்கண்ணில் ஏறிவிட்டால் லேசில் போகாது. வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். அவள்தான் என்று தெரிந்ததும், ஐயோ, இப்போது சிரிக்க வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியது.

அவள் புருசன் ஆண்டிச்சாமி செய்த தப்பில்தான் என் வீட்டுக்காரர் மாசிலாமணி செத்தார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. வெடிமருந்து கலக்குகிறவர் ஆண்டிச்சாமி. கலந்த மருந்து மிஞ்சினால் அன்றைக்கே அழித்துவிட வேண்டும், ராத்திரி வைக்கவே கூடாது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம் இது. தீபாவளி சீசன், லோடு அவசரம், காலையில் திரும்பக் கலக்க நேரமிருக்காது என்று அவர் அதை ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். விடிந்ததும் அறைக்குள் முதலில் காலெடுத்து வைத்தது என் வீட்டுக்காரர். ராத்திரியெல்லாம் ஈரத்தில் சூடேறிக் கிடந்த மருந்து வெடித்துவிட்டது. பின்னால் வந்த ஆண்டிச்சாமிக்குக் கையும் கழுத்தும் வெந்ததோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். கரண்ட் இல்லை. நான் ஒரு அட்டையை வைத்து அவருக்கு விசிறிக்கொண்டே இருந்தேன். அவர் போய், துணி போட்டு மூடிய பிறகும் என் கை நிற்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஆண்டிச்சாமி எரிச்சல் தாங்காமல் முனகினார். விசிறிய கை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது. அது மன்னிப்பா, தூக்கக் கலக்கமா என்று இன்றைக்கு வரை எனக்கே விளங்கவில்லை. ஆனால் எங்கள் சபை உபதேசியார் அப்போது வாசலில் நின்றிருந்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் நான் வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து பொன்னுத்தங்கம் என்ற பேர் போய், நான் ‘மன்னிச்ச அம்மா’. குழாயடியில் என் குடத்தை ஒதுக்கிவிட்டுத் தன் குடத்தை வைக்கிற ஆவுடைத்தாய், “யக்கா ஒண்ணும் சொல்லமாட்டாக” என்று என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுவாள். நானும் ஒன்றும் சொல்லமாட்டேன். வாய்விட்டு அழ முடியாது. வேதக்கார அம்மாவே அழுதுட்டா என்பார்கள். ஒருத்தியை ஏச முடியாது. கம்பெனியில் யார் வேலை மிஞ்சினாலும் என் தலையில்தான். இயேசப்பாவைக் கும்பிடுகிறவள் எப்படி இருக்க வேண்டும் என்று ஊருக்கே நான்தான் மாதிரியாம். மாதிரிக்கு இடுப்பு வலிக்காதா? எனக்கு வலித்தது.

முருகம்மாள் உட்காரவில்லை. “மதினி, ஞாயித்துக்கெளம எம் மக ஓவியாவப் பொண்ணு பாக்க வாராக” என்றாள்.

“நல்லதுதான. எந்த ஊரு?”

“அருப்புக்கோட்டப் பக்கம். இங்கன வெடிச்சது அவுகளுக்குத் தெரியும். மருந்து கலந்தது யாருன்னு தெரியாது.”

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஞாயிறுதான் எங்கள் வேதக்கோயிலில் அசனப் பண்டிகை, ஊருக்கே பந்தி போடுகிற நாள். ஆராதனையில் நான் சாட்சி சொல்ல வேண்டும், ஆண்டவர் எனக்கு மன்னிக்கிற மனதைக் கொடுத்த கதையை. வருசா வருசம் சொல்கிறேன். குழாய் ஸ்பீக்கரைக் கட்டுகிற கம்பம் ஆண்டிச்சாமி வீட்டு வாசலில் இருக்கிறது.

“பேர மட்டும் சொல்லாதீக மதினி. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுதேன்.”

“மன்னிச்சேன்னுதான சொல்லுதேன்? ஏசவா செஞ்சேன்?”

“ஏசியிருக்கலாம் மதினி” என்றாள். “வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்தியிருந்தீகன்னா, நாங்களும் அழுது, கால்ல விழுந்து, அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நீங்க வருசா வருசம் மைக்குல மன்னிக்கீக. அன்னைக்கு அவரு கதவச் சாத்திக்கிட்டு, சோறு தண்ணியில்லாம உக்காந்திருக்காரு.”

சாத்திக்கொள்ள அவருக்கு ஒரு கதவாவது இருக்கிறதே! “ஒரு நா, ஒரே ஒரு நா, இந்த வாசல்ல வந்து ‘தெரியாமச் செஞ்சிட்டேன்’னு சொன்னாரா ஒம் புருசன்?” என்று கத்திவிட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். கத்தியது தெருவுக்குக் கேட்டிருக்குமோ என்று நான் எட்டிப் பார்த்தேன். என் பிழைப்பு இப்படி ஆகிவிட்டது.

சாயங்காலம் உபதேசியாரிடம் போய், பேர் சொல்லாமல் சாட்சி சொல்லட்டுமா என்று கேட்டேன். மனுசர் கெட்டவர் இல்லை. என் வீட்டுக்காரர் அடக்கத்துக்கு அலைந்து திரிந்தவர் அவர்தான். “பேரச் சொன்னாத்தாம்மா சாட்சிக்கு வலு. சூலக்கரையில இருந்து ஆபீசர் குடும்பமெல்லாம் ஒங்க சாட்சியக் கேக்கவே வருது. ஒங்களப் பாத்து எத்தன பேரு திருந்துதாங்க தெரியுமா?” என்றார்.

“யாரு ஐயா திருந்துனா?” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஞாயிறு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். சன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. ஆண்டிச்சாமி வீட்டு முன்னால் ஒரு வேன் வந்து நின்று, பட்டுச்சேலைக்காரப் பெண்கள் பழத்தட்டோடு இறங்கினார்கள். அவர்கள் தலைக்கு மேலேதான் ஸ்பீக்கர். கோயில் நிறைய முகங்கள், எல்லாம் நான் மன்னிப்பதற்காகக் காத்திருந்தன.

“எங்க வீட்டுக்காரரு வெடி விபத்துல போனாரு” என்றேன். “அதுல யாரு மேலயும் தப்பு இல்ல. நான் யாரையும் மன்னிக்கல. மன்னிக்கதுக்கு யாரும் எனக்கு ஒண்ணும் செய்யல.”

தெருவில் ஸ்பீக்கரும் அதையே சொன்னது. ஆலயத்தில் நின்றுகொண்டு, பொய் என்று தெரிந்தே சொன்னேன். உபதேசியார் முகம் செத்துவிட்டது. மைக்கை வாங்கி அவசரமாகப் பாட்டை ஆரம்பித்தார். “அப்ப இம்புட்டு நாளும் சொன்னது?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். நான் இறங்கி நடந்தேன். எங்கேயாவது பாயை விரித்துப் படுத்தால் போதும் என்றிருந்தது.

படுக்க விடுவார்களா? பந்தி பரிமாற ஆள் வேண்டுமே. அசனத்தன்று எங்கள் தெருவில் எந்த வீட்டிலும், எந்தச் சாதியிலும், உலை வைப்பதில்லை. விருந்தாளி வந்தாலும் கோயில் பந்தியில்தான் சாப்பாடு. அதனால் ஆண்டிச்சாமி வந்துதான் ஆக வேண்டியிருந்தது. கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. பாவி, நன்றாகத்தான் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேதான் அவர் இலையில் சோற்றை வைத்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். “இந்தம்மாதான மைக்குல பேசுனது? பாவம். ஒங்களுக்கு வேண்டப்பட்டவுகளா?” என்று ஆண்டிச்சாமியிடம் கேட்டார்.

ஆண்டிச்சாமி கழுத்துத் துண்டை எடுத்து மடியில் வைத்தார், வெந்த தழும்பு தெரிந்தது. “நான் கலந்த மருந்துலதான் இவுக வீட்டுக்காரரு செத்தாரு” என்றார். “அழிக்காம ராத்திரி வச்சிட்டுப் போனது நாந்தான்.”

பெண்கள் பந்தியிலிருந்து முருகம்மாளின் “ஐயோ” கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்திருந்தார். பின்னால் குழம்பு வாளியோடு வந்தவர், “நவுருங்கம்மா, சோறு ஆறுதுல்லா” என்று அவசரப்படுத்தினார். என்னால் நகர முடியவில்லை. ஆண்டிச்சாமி இலையில் கை வைக்காமல், தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.