ஆறாம் எண் அறையில் எத்தனை பேர்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஜல்லி சுமக்கும்போது பார்த்தேன். ஏற்காட்டில் ஒரு சமுதாயக் கல்லூரி. சரிவில் புதுக் கட்டடம் எழுப்ப எங்கள் செட்டு போயிருந்தது. மேலே, பழைய கட்டடத்தின் வராந்தாவில், ஒருவர் கையில் அட்டையோடு அறை அறையாக நின்று தலைகளை எண்ணி எழுதிக்கொண்டு போனார். ஆறாம் எண் அறைக்கு வந்ததும் இரண்டு தடவை எண்ணினார். பிறகு மூன்றாம் தடவையும் எண்ணினார். சட்டியைத் தலையில் வைத்தபடி நான் வேடிக்கை பார்த்ததில் மேஸ்திரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். உள்ளே இருப்பது எட்டே பேர். அதை எதற்கு மூன்று தடவை எண்ண வேண்டும்?

கதையில் நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். கொஞ்சம் காதில் விழுந்தது. மீதி நான் கட்டியது.

(இதை எழுதும் தாளும் அந்த எண்ணுகிறவர் கொடுத்தது. மிஞ்சிப்போன எண்ணிக்கைப் படிவங்கள். பின்பக்கம் காலியாக இருந்தது.)

2

எப்படித் தொடங்குவது?

“ஏற்காட்டைப் பனி ஒரு போர்வையைப் போல—” அடித்துவிட்டேன். காரில் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது போர்வை. லாசருக்குப் பனி என்றால் சுவிட்ச் போர்டில் ஈரம், சுவரில் பூஞ்சை, உப்பிப்போய்ச் சாத்த மறுக்கும் கதவு.

“லாசர் நல்ல மனிதர்.” இதையும் அடித்தேன். நானே அப்படிச் சொல்லிவிட்டால், அவர் பொய் எழுதுவாரா மாட்டாரா என்று நீங்கள் எதற்குக் கவலைப்படப் போகிறீர்கள்?

சரி, உள்ளதை வைத்தே தொடங்குகிறேன். லாசருக்கு ஐம்பத்தொரு வயது. மனைவி இறந்து ஏழு வருடம். கல்லூரியில் பராமரிப்பு வேலை: தொட்டி, குழாய், பல்பு, ஓட்டு மேல் விழும் சருகு. புதுக் கட்டடம் வருவதால் எந்த அறையை எதற்கு வைத்துக்கொள்வது என்று நிர்வாகம் திட்டம் போட்டது. மேனேஜர் மேக்ஸ்வெல் ஒரு படிவம் அடித்துக் கொடுத்தார். மூன்று வாரம், ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஒவ்வொரு அறையிலும் எத்தனை பேர். ஒரு தடவைகூடப் பன்னிரண்டு பேர் சேராத அறை பழைய நாற்காலிகளுக்குக் கிடங்காகும்.

ஆறாம் அறை தையல் வகுப்பு. கிடங்கானால் வகுப்பு அடிவாரத்தில் ஒரு வாடகைக் கூடத்துக்கு இறங்கிவிடும். வகுப்போடு டீச்சர் ஜோஸ்லினும் இறங்கிவிடுவார்.

லாசர் மூன்று தடவை எண்ணியது இதனால்தான்.

3

“ஏனுங்க, எம் புள்ளைங்களுக்குக் கண்ணு வெக்கறீங்களா? தெனமும் இப்பிடி எண்ணறீங்க?” என்றார் ஜோஸ்லின், பல்லில் கடித்த நூலை விடாமலே.

“கணக்கு தப்பிறக் கூடாதுங்களே.”

“முப்பது தடவ எண்ணுனாலும் எட்டுதானுங்க. காப்பிப் பழம் பறிக்கற மாசத்துல காலைல எவ வந்து மிஷின்ல உக்காருவா?”

கடைசி மிஷினில் இருந்த ஸ்டெஃபி என்ற பெண் தலையைத் தூக்கினாள். “டீச்சர், அண்ணனையும் சேத்து ஒம்பதுன்னு போடச் சொல்லுங்க. நம்மளவிட அவருதான் நாள் தவறாம வாறாரு.”

அறையே சிரித்தது. ஜோஸ்லின் மட்டும் குனிந்து ஊசியில் நூல் கோத்தார். அந்த ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது. லாசர் எட்டு என்று எழுதிவிட்டு வெளியே வந்தார்.

4

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எண்ணிக்கைக்குத் தை மாதத்தைத் தேர்ந்தெடுத்தது யாரோ, அவர் காப்பியைக் குடித்து மட்டும் பழகியவர். பழம் பறிக்கும் நாட்களில் எஸ்டேட் பெண்களுக்குக் காலை ஏது? பழத்தை எடை போட்டு முடித்து நாலரை மணிக்குத்தான் ஆறாம் அறைக்கு வருவார்கள். பதினாறு பேர், சில நாள் பதினெட்டு. ஆபீஸில் யாரிடமும் கேட்காமல் ஜோஸ்லின் ஆறு மணி வரை சொல்லிக்கொடுப்பார். சாவி லாசரிடம். அவரும் யாரிடமும் சொன்னதில்லை.

படிவத்தில் கடைசிக் கட்டம் மூன்று மணி.

“ஏப்பா லாசரு, எங்களை எண்ண மாட்டியா?” அந்தப் பெண்களில் ஒருத்தி, காளியாயி, வாசலிலேயே மறித்தாள். பறித்த பழத்தின் பிசின் கையில் இன்னும் கருப்பாக ஒட்டியிருந்தது. “ஆடு மாட்டக்கூட அந்தியில எண்ணித்தானப்பா பட்டியில அடைக்கறாங்க!”

“பாரத்துல மூணு மணியோட கட்டம் முடிஞ்சுபோச்சுங்கக்கா.”

“முடிஞ்சா இன்னொரு கோடு கிழி. நொம்பப் பெரிய வேலையா அது?”

லாசர் படிவத்தைப் பார்த்தார். அச்சடித்த தாளில் நம் கையால் கோடு கிழிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எனக்கும் தோன்றியிருக்காது. எழுத்து எனக்கு நாற்பத்து மூன்று வயதில் வந்தது. அச்சில் இருப்பதெல்லாம் பெரியவர்கள் சொன்னது என்று இன்றைக்கும் ஒரு பயம் இருக்கிறது.

ஆனால் அவர் கோடு கிழிக்காததற்கு அது மட்டும் காரணம் இல்லை.

5

(இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதினேன். முதலில் ஜோஸ்லினுக்கு ஒரு பழைய காதல் வைத்தேன். மாப்பிள்ளை கப்பலில் போய்த் திரும்பவே— வேண்டாம். நாற்பத்து நான்கு வயதில் ஒரு பெண் தனியாக இருக்கிறார் என்றால் உடனே அவருக்கு ஒரு துக்கத்தைத் தைத்துப் போட்டுவிடுகிறோம்.)

ஆறு மணிக்குப் பெண்கள் போன பிறகு அரை மணி நேரம். ஜோஸ்லின் துண்டுத் துணிகளைப் பொறுக்குவார், மிஷின்களுக்கு எண்ணெய் விடுவார். லாசர் ஜன்னல்களைச் சாத்துவார். ஒரு ஜன்னலுக்குக் கொக்கி பிடிக்காது. ஜோஸ்லின் ஒரு துணிக்கீற்றைக் கிழித்து நீட்டுவார், லாசர் வாங்கிக் கட்டுவார். அந்தக் கொக்கியை மாற்ற அவருக்குப் பத்து நிமிடம் போதும். நான்கு வருடமாக மாற்றவில்லை. கல்லூரியில் அவர் சரி செய்யாமல் விட்ட ஒரே பொருள் அதுதான்.

நாலரை மணிக்கு ஒரு கட்டம் போட்டால் வகுப்பு ஆபீஸுக்குத் தெரியும். பூட்ட வாட்ச்மேனைப் போடுவார்கள். அரை மணி போய்விடும். எட்டு என்றே கொடுத்தால் அறையே போய்விடும். மிச்சம் இருப்பது ஒரு பொய்.

6

வியாழக்கிழமை.

“நாளைக்குப் பாரத்தக் குடுக்கணுங்க,” என்றார் லாசர். “பன்னெண்டுன்னு போட்டுறட்டுங்களா?”

“எனக்காகப் பொய் எழுதாதீங்க.”

“நீங்க அடிவாரத்துக்குப் போயிருவீங்களே.”

“போனா என்னங்க? எந்தங்கச்சி ஊடு அங்கதான் இருக்குது. இந்தக் குளுரு இருக்காது, முட்டி வலியும் கொறையும்.”

லாசர் தரையைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் காப்பாற்ற நினைத்த அறையில் ஜோஸ்லினுக்கு முட்டி வலித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதுகூட அவருக்குத் தெரியாது.

“மூணு வாரமா இங்க வர்றவங்கள எல்லாம் எண்ணுனீங்க,” ஜோஸ்லின் எண்ணெய்க் குப்பியை மூடினார். “எனக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆறு பகுதி எழுதிவிட்டேன். லாசருக்கு என்ன வேண்டும் என்று எல்லாத் தாளிலும் இருக்கிறது. ஜோஸ்லினுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

7

முடிவுகள்.

லாசர் பன்னிரண்டு என்று எழுதினார். அறை நின்றது. ஆனால் அன்றிலிருந்து ஜோஸ்லின் ஆறு மணி ஆனதும் பெண்களோடு சேர்ந்தே கிளம்பிவிட்டார். தன் பெயரில் ஒரு பொய் நின்றுகொண்டிருக்கும் அறையில் அவரால் எப்படி— (இல்லை. எனக்கே பிடிக்கவில்லை.)

லாசர் எட்டு என்று எழுதினார். ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து அடிவாரத்துக்குப் பஸ் ஏறினார். கூடத்துக்கு எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி— (இதை எழுதும்போது அவர்மேல் கோபம் வந்துவிட்டது.)

வெள்ளிக்கிழமைக்கு முன்பே எங்கள் செட்டை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. போய்க் கேட்கலாம், ஒரு நாளைக்கு மூன்று பஸ் இருக்கிறது. போகவில்லை.

எழுதுகிறவனாக என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன். லாசர் கையில் ஸ்கேலைக் கொடுத்து, மூன்று மணிக்குப் பக்கத்தில் ஒரு கோடு கிழிக்க வைத்தேன். கோணலாகத்தான் வந்தது. மேலே நாலரை என்றும் கீழே பதினாறு என்றும் எழுத வைத்தேன். மேக்ஸ்வெல் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், திட்டினார், வாங்கிக்கொண்டார். காளியாயிக்கும் மற்றவர்களுக்கும் அறை கிடைத்துவிட்டது. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாளையிலிருந்து பூட்டுவது வாட்ச்மேன்.

ஆக, இன்றுதான் கடைசி அரை மணி. பெண்கள் போய்விட்டார்கள். ஜோஸ்லின் மேஜைக்குக் குனிந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறார். லாசர் தொண்டையைச் செருமிக்கொண்டு,

“ஜோஸ்லின், உங்களுக்கு—”

என்கிறார். இதற்கு மேல் ஒன்பது தடவை எழுதி ஒன்பது தடவையும் அடித்துவிட்டேன். தாளில் இனி இடமில்லை. யாரையாவது கேட்காமல் விட்டவர் நீங்களாக இருந்தால், இந்த வாக்கியம் என்னைவிட உங்களுக்கு நன்றாக வரும். லாசருக்கு மெதுவாகவே சொல்லிக்கொடுங்கள். ஜோஸ்லின் இன்னும் நிமிரவில்லை. ஆனால் மடிப்பதை நிறுத்திவிட்டார்.