டிரெசர் குறித்த நாள்

மலாயாவில், பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில், டிரெசர் கார்த்திகேசு நாள் குறித்துவிட்டால் எமனே மறுபேச்சுப் பேசமாட்டான் என்று சொல்லிக்கொள்வார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது எல்லாம் அவர்தான். டாக்டர் மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதோடு சரி. யாழ்ப்பாணத்துக்காரர், கொஞ்சம் கர்வி. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் கேளாதவர்போல் மீசையைத் தடவிக்கொள்வார்.

சாகப்போகிறவனுக்கு நாள் கேட்பார்களா என்று முகம் சுளிக்கவேண்டாம். கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. சுற்றிலும் முள்வேலி, ஆறு மணிக்கு ஊரடங்கு. வேறு எஸ்டேட்டிலிருந்து சொந்தக்காரன் வர போலீஸ் பாஸ் வேண்டும். செத்த பிறகு கேட்டால் பாஸ் வருவதற்குள் கருமாதியே முடிந்துவிடும். அதனால் ஆள் மூச்சோடு இருக்கும்போதே டிரெசரிடம் நாள் கேட்டுப் பாஸுக்கு எழுதிவிடுவார்கள்.

சன்னாசி, ரப்பர்ப் பால் உறைய ஊற்றும் ஆசிட்டைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்தவன். ஸ்டோரில் இரண்டும் ஒரே மாதிரி போத்தலில் இருந்தன. தொண்டைக்குக் கீழே வெந்து அடைத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து ரப்பர்க் குழாய் வைத்தார்கள். ஆறு வாரம் தாங்கினால் அடைப்பை நீக்கப் பார்க்கலாம் என்று சீட்டு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். கஞ்சி, பால் எல்லாம் புனல் வைத்துக் குழாய் வழியாகத்தான். வாயில் ஒரு சொட்டும் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்று அவன் மனைவி சின்னத்தாயிடம் கார்த்திகேசு கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அதற்குமுன் குழாயோடு வந்தவர்கள் மூன்று பேர். மூவரும் அவர் குறித்த நாளிலேயே போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சன்னாசிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. குழாயைச் சுற்றிச் சீழ். புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டால் அப்படியே நின்றது.

"எத்தன நாளுங்கய்யா?" என்றாள் சின்னத்தாய்.

"வெள்ளிக்கிழமை தாண்டாது பிள்ளை. ஆக்களுக்கு அறிவிச்சுவிடு."

கலும்பாங் எஸ்டேட்டில் இருந்த சன்னாசியின் அண்ணன் இருசப்பனுக்கு அன்றே ஆள் போயிற்று.

புதன்கிழமை காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. சீழ் வற்றியிருந்தது. கிள்ளிய தோல் சட்டென்று படிந்தது. சன்னாசி இரண்டு விரலை உதட்டில் வைத்துப் பீடி கேட்டான். கார்த்திகேசுக்குச் சிரிப்பு வந்தது. சாகிறவன் எவனும் பீடி கேட்பதில்லை. சின்னத்தாய் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாஸுக்கு எழுதியாயிற்று, ஊரெல்லாம் தெரிந்தாயிற்று. இப்போது போய்ச் சொன்ன சொல்லை விழுங்குவதா? வெள்ளி கழியட்டும், தானே தெரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டார். வறட்டுக் கௌரவம், வேறென்ன.

வெள்ளிக்கிழமை மதியம் கட்டு மாற்றும்போது சன்னாசி வலியில் துடித்தான். தூங்குவதற்கு ஊசி போட்டுவிட்டு, அதையும் யாரிடமும் சொல்லாமல், எஸ்டேட்டின் இரண்டாம் டிவிஷனில் ஒரு பிரசவத்துக்குச் சைக்கிளில் போனார் கார்த்திகேசு.

இருசப்பன் லோரியில் வந்து இறங்கினான். பாஸ் நாலு மணி வரைதான். தம்பி வாய் பிளந்து கிடந்தான். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கட்டில் ஓரமாகக் காத்து நின்றார்கள். மூன்றரைக்கு லோரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"பாலைக் கொண்டா தாயி. கூடப் பொறந்தவன் பால் ஊத்தாம போனா கட்ட வேகாது."

"வாயில கூடாதுன்னு ஐயா சொன்னாரே மாமா."

"அது பொழைக்கிறவனுக்குச் சொன்னது. இவனுக்குத்தான் நாள் குறிச்சாச்சே."

அழுதுகொண்டே ஒரு கரண்டி ஊற்றினாள். இருசப்பன் இரண்டு ஊற்றினான். சன்னாசிக்குப் புரையேறியது. விழி பிதுங்க எழப்பார்த்தான், கட்டில் கம்பியைப் பிடித்தான், முகம் நீலம் பாய்ந்தது. உயிர் பிரிகிறது என்று நினைத்து எல்லோரும் கும்பிட்டு நின்றார்கள்.

கார்த்திகேசு திரும்பி வந்தபோது கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கடைவாயில் பால் வழிந்து காய்ந்திருந்தது. இருசப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான்.

"ஐயா வாக்குப் பொய்க்கல. பாஸு முடியுறதுக்குள்ள போயிட்டான்."

லோரி போயிற்று. கார்த்திகேசு கட்டிலருகே நின்றார். தான் கொன்றதாகவே அவர் மனம் சொன்னது. அது தப்பாகவும் சொல்லவில்லை.

"பிள்ளை," என்றார். "புதன்கிழமையே அவனுக்குக் காய்ச்சல் விட்டிட்டுது. நான் குறிச்ச நாள் பிழை. அவன் தப்பியிருப்பான்."

சின்னத்தாய் முந்தானையால் சன்னாசியின் கடைவாயைத் துடைத்தாள்.

"வாசல்லதானே இருந்தேன் ஐயா," என்றாள். "ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே."