பதினோரு மணித் திசையில்

விமான நிலையக் கோபுரத்தில் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்வது என் வீட்டுக்காரரின் வேலை. முகத்துக்கு நேரே பன்னிரண்டு மணி, வலது கைப் பக்கம் மூன்று, இடது கைப் பக்கம் ஒன்பது என்றுதான் அவருக்குத் திசை. சாப்பிடும்போதும், "உனக்கு மூணு மணித் திசைல கரண்டி இருக்கு பாரு" என்பார். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன் என்று தம்பியிடம் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன்.

அந்த மனிதர் போன மாதம், ஓடுபாதைக்கு மேலே இறக்கையே இல்லாத எதுவோ நிற்கிறது என்று சொல்லி, இறங்க வந்த விமானத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். ரேடாரில் ஒன்றும் இல்லை. கூட இருந்தவர்கள் கண்ணிலும் படவில்லை. மறுநாளே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு வெளியூரில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் விசாரணை. அசதியில் கண் ஏமாற்றிவிட்டது, ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னால் வேலை திரும்பக் கிடைக்கும். பார்த்தேன் என்று அடம் பிடித்தால் அவ்வளவுதான், இனிக் கோபுரப் படியில் கால் வைக்க முடியாது.

அவர் கதையை நான் துளியும் நம்பவில்லை. கஷ்டம் என்னவென்றால், மனிதருக்குப் பொய் சொல்ல வராது. விசாரணைக்காக இன்றைக்கே கிளம்பிய காரிலும் பின் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டே வந்தேன்.

"என்ன பார்த்தீங்க?"

"அது வந்து... ஒண்ணும்... சாம்பல் கலர்ல..."

"சாம்பலும் இல்ல, மண்ணும் இல்ல! ஒண்ணும் பார்க்கல. அவ்வளவுதான்!"

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தம்பி சிரித்தான். "அக்கா, பேசாம மாமா சட்டையை மாட்டிக்கிட்டு நீயே உள்ள போயிடு."

அவர் பாவம், குனிந்து மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். வெளியே பட்டப்பகல், இரண்டு பக்கமும் வெறும் பொட்டல். தொண்டை வறண்டதென்று தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. தண்ணீர் மடியெல்லாம் ஊற்றியதுகூடத் தெரியவில்லை.

மின்கம்பிகளுக்குக் கொஞ்சம் மேலே அது நின்றது. பறக்கவில்லை, நின்றது. ஒரு பஸ் நீளம் இருக்கும். சாம்பல் நிறம். இறக்கை இல்லை, வால் இல்லை, சன்னல் இல்லை, துளிச் சத்தம் இல்லை. நிழல் மட்டும் சாலையின் குறுக்கே கிடந்தது. தம்பி பிரேக்கை அழுத்திய வேகத்தில் முன் சீட்டில் முட்டிக்கொண்டேன். வலிக்கவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. கடைசியில் வந்தது அவர் பாஷைதான்.

"பதினோரு மணி! என்னங்க, பதினோரு மணித் திசைல!"

அவர் நிமிரவில்லை. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, பாருங்கன்னா!"

"மாட்டேன். பார்த்தா நாளைக்குச் சொல்லிடுவேன்."

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அசைக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தபோது வானம் காலியாக இருந்தது. சாலையில் நிழலும் இல்லை. தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "அக்கா... அக்கா..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். எப்போதும் வாய் ஓயாத பயல்.

"போயிடுச்சா?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ம்."

"இறக்கை இருந்துச்சா?"

"இல்லங்க."

கையை எடுத்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு மாதமாக நான் பார்க்காத நிம்மதி. இவரையா நம்பாமல் இருந்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"கேளு" என்றார்.

"என்னத்தைக் கேக்க?"

"வழக்கமா கேக்குறதுதான்."

"என்ன... பார்த்தீங்க?"

"ஒண்ணும் பார்க்கல." இந்த முறை திக்கவே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ என்ன பார்த்தே?"

அவருக்கு நான் மூச்சு முட்டச் சொல்லிக்கொடுத்த பதில்தான். என் வாயில் வரவில்லை.