பத்தரைக்கு அர்ஹானைக் காட்டணும்

இரவு ஒன்பதரை மணிக்கு நௌஷீன் லேப்டாப்பைத் திறந்தபோது, திரையின் வலது மூலையில் இருந்த குட்டிப் படத்தின்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழுந்திருந்தது. மூடினாள். மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுத் திறந்தாள். பெருக்கல் குறி அங்கேயேதான் இருந்தது. நேற்றுக் காலையில் அதே இடத்தில் பச்சையாய்க் கோடு கோடாகச் சிக்னல் இருந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

இன்னும் ஒரு மணி நேரந்தான். பத்தரைக்கு இலியாஸ் மச்சான் தோகாவில் நெட் சென்டரில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

இலியாஸ், அக்கா நஜிமாவின் மாப்பிள்ளை. அவர் மகன் அர்ஹான் பிறந்து அன்றைக்கு நாற்பத்தோராவது நாள். நாற்பது முடிகிறவரை பச்சைப்பிள்ளையைப் போட்டோ எடுக்கக் கூடாது என்று அம்மா பிடிவாதமாய் நின்றுவிட்டதால், மகனுக்கு மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. இதில் இன்னொரு சிக்கல் வேறு. நாளை விடியற்காலையில் அவரைப் பாலைவனத்துக்குள் இருக்கும் ஒரு கேம்ப்புக்கு மாற்றுகிறார்கள். அங்கே நெட் கிடையாது. இன்றைக்கு விட்டால் இரண்டு மாதம்.

இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் அந்தச் சின்ன லேப்டாப்பை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கட்டுரை நோட்டைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அது வந்த அன்றைக்கு, அவர்கள் வீட்டுக் கடையில் மிளகு எடை போடும் காளியண்ணன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க பாய், இது லேப்டாப்பு போட்ட குட்டிங்களா? தாய் எங்க?" என்று கேட்டார்.

நௌஷீன் ப்ளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப். பள்ளிக்கூடத்தில் ஆறு கம்ப்யூட்டர், நான்கு ஓடும், அதில் ஒன்றை அவள் மூன்று தடவை தொட்டிருக்கிறாள். அது போதும் என்று வீட்டில் அவளை எஞ்சினியர் ஆக்கிவிட்டார்கள். சோளக்காட்டுச் சந்தையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கீழே கடை, மேலே வீடு. கீழே கடையில் மோடம், மேலே வீட்டில் லேப்டாப், நடுவில் வயர் இல்லாமல் காற்றில் வரும் நெட். எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு.

சரி, எஞ்சினியர் என்ன செய்வார்? ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார். பண்ணினாள். பெருக்கல் குறி. ஒருவேளை தூரமோ என்று லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கடைக்குள் சாம்பிராணி வாசம் இன்னும் போகவில்லை. அன்றைக்கு ஆயுத பூஜை. நௌஷீனின் தகப்பனார் அப்பாஸ் அலியின் கடையில் வருசா வருசம் அதைக் காளியண்ணன்தான் நடத்துவார். "உன் தராசு, உன் சாமி. பொரி கடலை மட்டும் என் பொறுப்பு" என்று அத்தா எப்போதோ சொன்னதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தராசுக்கு மாலை, ஜீப்புக்கு வாழைக்கன்று, சாக்கு தைக்கிற கோணூசிக்குப் பொட்டு. கால்குலேட்டருக்கும் பொட்டு. மோடத்தின் தலையில் ஒரு செவ்வந்திப்பூ இருந்தது. அதன் பச்சை விளக்குகள் எல்லாம் ஒழுங்காகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன.

கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்த காளியண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன கண்ணு, இந்நேரத்துல? மாப்பள வந்துட்டாருங்களா?"

"இல்லீங்கண்ணா. சும்மா… சிக்னல் பாக்கறேன்."

மோடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். தொட்டுக்கொண்டிருக்கிற மாதிரி வைத்தாள். பெருக்கல் குறி அசையவில்லை. மோடத்தை அணைத்துப் போட்டாள். அதுவும் சமத்தாக எரிந்தது. ஆக, மோடத்தில் தப்பில்லை. லேப்டாப்பில்தான்.

மோடத்தோடு ஒரு மஞ்சள் வயர் வந்தது. அதை நேராகச் செருகினால் வயர்லெஸ்ஸே தேவையில்லை.

"அண்ணா, அந்த மஞ்சக் கலர் வயரு எங்கீங்க?"

"அதுங்களா? முந்தாநாத்து ஜீப்புல தார்ப்பாய் கட்டக் கவுறு பத்தல. அதுலதான் கட்டியுட்டேன். நல்ல வயரு கண்ணு, சேந்தமங்கலம் போய்ச் சேர்ற வரைக்கும் அவுறவே இல்ல. அங்க எறக்கறவன் அறுத்துத்தான் எடுத்தானாம்."

நௌஷீன் மேலே ஏறினாள்.

என்ன நடந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்தாள். இன்று மத்தியானம், எல்லோரும் தூங்கும் நேரத்தில், மெர்சி கொடுத்த பென்டிரைவை அவள் லேப்டாப்பில் செருகியிருந்தாள். மெர்சி அவளோடு படிப்பவள், ஆஸ்பத்திரி நர்ஸம்மாவின் மகள். பென்டிரைவில் நாற்பது பாட்டும் ஒரு கார் ரேஸும் இருந்தன. செருகியதும் கறுப்பாக ஒரு கட்டம் பளிச்சென்று வந்து மறைந்தது. பிறகு ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அதே பேரில் இன்னொரு ஃபோல்டர் முளைத்திருந்தது. 'வேற எதையும் அதுல போடாத கண்ணு, மச்சானப் பாத்த அப்பறம் உனக்குத்தான்' என்று அத்தா ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லியிருந்தார். அதற்கு அப்புறம் பயத்தில் அவள் அதைத் திறக்கவேயில்லை. சாயங்காலம் அத்தாவே எடுத்துப்போய்ப் பூஜையில் வைத்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தார்.

மணி ஒன்பது ஐம்பது. உள்ளறையில் நஜிமா குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அதைவிட முக்கியமாக, தானும் கல்யாணத்தில் கட்டிய ரோஸ் கலர்ப் புடவை கட்டியிருந்தாள். கண்ணாடி முன்னால் தலைத்துணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிப் போட்டுப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்டி நல்லாருக்கு? கேமராவுல இடது வலது மாறித் தெரியுமாமே?"

நௌஷீனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, கதவச் சாத்து. ஒன்னு சொல்லணும். அத்தாகிட்டச் சொல்லக் கூடாது."

நஜிமா பயந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "என்னடி? யாரவன்?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. நான் லேப்டாப்பக் கெடுத்துட்டேன்க்கா."

ஒரே மூச்சில் கொட்டினாள். பென்டிரைவ், கறுப்புக் கட்டம், முளைக்கிற ஃபோல்டர், சிவப்புப் பெருக்கல் குறி. மச்சான் நெட் சென்டரில் உட்கார்ந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், அப்புறம் பாலைவனத்துக்குப் போய்விடுவார், எல்லாம் என்னாலதான், நாற்பது பாட்டுக்கு ஆசைப்பட்டு. குரல் வெளியே போகாமல் அழுவது சுலபமில்லை. மூக்கிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அர்ஹான் அதைக் கேட்டுக் கண்ணை உருட்டினான்.

நஜிமா புடவை முந்தானையால் தங்கையின் முகத்தைத் துடைத்தாள்.

"மத்தியானம் பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. நாந்தான் கனவுன்னு நெனச்சுட்டேன்" என்றாள். "அதுல மூணாவது பாட்டு நல்லாருந்துச்சுடி."

"அக்கா!"

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? அழுது முடிச்சுட்டியா? முடிச்சுட்டா பொட்டியக் கொண்டா. வாங்குன பொட்டியில ஏதாச்சும் எழுதியிருப்பான்."

லேப்டாப் வந்த அட்டைப்பெட்டி கட்டிலுக்கடியில் இருந்தது. உள்ளே மெல்லிசாக ஒரு புத்தகம். பிரித்தால், வளைகுடாவில் வாங்கியது என்பதால், அட்டையிலிருந்து கடைசிவரை முழுக்க அரபு.

அக்கா தங்கை இருவரும் மதரசாவில் ஓதியவர்கள். நௌஷீன் எழுத்துக் கூட்டி ஒரு பக்கத்தைத் தடையில்லாமல் வாசித்தாள். உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை. புரிந்தது ஒரு சொல்லும் இல்லை.

"ரொம்ப அழகா ஓதுற" என்றாள் நஜிமா. "ஆனா இது வாரண்டி கார்டாட்டம் இருக்குது."

அடக்க முடியாமல் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வரும் சிரிப்பு நிற்காது. நௌஷீன் கண்ணீரோடு சிரித்துக்கொண்டே பக்கங்களைத் தள்ள, நான்காம் பக்கத்தில் படம் வந்தது. லேப்டாப்பை முன்பக்கமிருந்து, மேலிருந்து, பின்பக்கமிருந்து வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி, நம்பர். முன்பக்க விளிம்பில் இடது ஓரமாக, தள்ளுகிற பொத்தான் ஒன்று. அதன் பக்கத்தில் ஒரு கம்பமும் அதைச் சுற்றி அலை அலையாய் வளைவுகளும். கம்பம், அலை என்றால் சிக்னல் அல்லாமல் வேறென்ன?

"இதாங்க்கா! இதுக்குன்னு தனியா ஒரு சுவிட்சு இருக்குது!"

லேப்டாப்பைத் திருப்பினாள். படத்தில் பொத்தான் இருந்த இடத்தில், அசலில் பொத்தான் இல்லை. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு, காய்ந்து இறுகிப்போன சந்தனம் இருந்தது. நடுவில் குங்குமம்.

காளியண்ணன் லேப்டாப்பின் நெற்றி எது என்று யோசித்து, முன்பக்கந்தான் நெற்றி என்று முடிவு செய்து, கட்டை விரலால் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்திருந்தார். பொத்தானும் கூடவே நகர்ந்து ஆஃப் ஆகியிருக்கிறது. மேலே அப்பிய சந்தனம் அதை மூடியும்விட்டது.

நஜிமா முந்தானையை எச்சில் தொட்டுக் கிட்டே கொண்டுபோனாள். நௌஷீன் அவள் கையைப் பிடித்தாள்.

"வேண்டாங்க்கா. அத்தா சொன்னது ஞாபகமில்ல?"

சாயங்காலமே பேச்சு நடந்திருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது என்பது காளியண்ணன் கணக்கு. ஆனால் இன்றிரவு பேச வேண்டுமே என்றதும் அவரே, "புள்ள மொகம் காட்டறதுக்குச் சாமி ஒன்னும் சொல்லாதுங்க. பொட்ட மட்டும் கலைச்சுராதீங்க" என்று விட்டுக்கொடுத்தார். அத்தாவும் வீட்டுக்கு வந்து, காளியண்ணன் வைத்ததைக் காளியண்ணன்தான் எடுக்க வேண்டும், யாரும் விரல் வைக்கக் கூடாது என்று உத்தரவே போட்டுவிட்டார். அந்த மரியாதையில்தான் ஒருத்தரும் அந்த இடத்தைக் கிட்டே போய்ப் பார்க்கக்கூட இல்லை.

மணி பத்து பத்து. அக்கா, தங்கை, தோளில் அர்ஹான், மூன்று பேரும் படியிறங்கினார்கள்.

நௌஷீன் விசயத்தைச் சொன்னதும் காளியண்ணன் கையிலிருந்த பொரி மடியில் கொட்டியது.

"எங்கையாலயா கண்ணு?"

"அப்படி இல்லீங்கண்ணா. அந்தப் பொத்தான் அங்க இருக்கறது யாருக்குமே தெரியாது."

"பதினாறு வருசமா வெக்கறேன். ஒரு தராசு கோச்சுக்கிட்டதில்ல, ஒரு ஜீப்பு கோச்சுக்கிட்டதில்ல." அவர் முகம் சுருங்கிவிட்டது. "நெத்தியில கொண்டுபோய்ப் பொத்தான வெக்கறானே, அவன் என்ன மனுசனுங்க?"

"அண்ணா, மணியாவுது. நீங்கதான் எடுக்கணும். நாங்க தொடலீங்க."

காளியண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கோசரமா தொடாம தூக்கிட்டு வந்தீங்க?"

அதற்குமேல் அவர் தாமதிக்கவில்லை. கையைக் கழுவினார். விளக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "சாமி, சின்னப்புள்ள காரியம், நீ பாத்துக்க" என்று சொன்னார். தீக்குச்சியைக் கூராகச் சீவி, கோணூசி பிடித்துப் பழகிய விரல்களால் சந்தனத்தைப் பொடிப்பொடியாய்ச் சுரண்டினார். மஞ்சள் துகள்களுக்கு நடுவே, அரிசி மணி அளவில் ஒரு பொத்தான் தலை காட்டியது.

"எந்தப் பக்கம் கண்ணு?"

"வலது பக்கங்கண்ணா. மெதுவா."

தள்ளினார். விளிம்பில் நீலமாக ஒரு புள்ளி எரிந்தது. நௌஷீன் திரையைப் பார்த்தாள். பெருக்கல் குறி போனது. ஒரு கோடு வந்தது. இரண்டு. ஐந்தும் வந்தது.

சத்தம் கேட்டு அத்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டே இறங்கி வந்தார். பின்னால் அம்மா. "இங்க என்ன மாநாடு? மேல தேடறேன் எல்லாத்தையும்!" என்றார் அத்தா.

நௌஷீனுக்கு அந்த நீலப் புள்ளியைப் பார்த்ததும் எங்கிருந்தோ தைரியம் வந்திருந்தது. இனி யாரும் கேட்கப்போவதில்லை. பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் அந்த முளைக்கிற ஃபோல்டர்கள் உள்ளேதான் இருந்தன.

"அத்தா, நான் மத்தியானம் ஒரு பென்டிரைவ்—"

கம்ப்யூட்டர் மணி அடித்தது. பத்து இருபத்தெட்டு. மச்சான் இரண்டு நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார்.

"அதுக்கு நாளைக்குத் திட்டறேன்" என்றார் அத்தா. "இப்ப எடும்மா, எடு!"

மேலே ஏற நேரமில்லை. மிளகு மூட்டைகள்மேல் லேப்டாப்பை வைத்தார்கள். நஜிமா தலைத்துணியை எந்தப் பக்கம் போடுவது என்பதையே மறந்து அர்ஹானைக் கேமரா முன்னால் தூக்கிப் பிடித்தாள். திரையில் முதலில் கட்டம் கட்டமாக ஏதோ கலங்கியது. பிறகு ஒரு நெற்றி, ஒரு மீசை, இலியாஸ்.

அவர் சலாம் சொல்ல வாயெடுத்தார், சத்தம் வரவில்லை. மைக் கோளாறோ என்று நௌஷீன் பதறிக் குனிந்தாள். மைக் நன்றாகத்தான் இருந்தது.

"ஏனுங்க, பாருங்க" என்றாள் நஜிமா. "உங்க மூக்குத்தான். நான் எவ்வளவோ துஆ செஞ்சும் கேக்கல."

அப்போதுதான் அவருக்குக் குரல் வந்தது. சிரிப்பும் அழுகையுமாக வந்தது. அந்தச் சத்தத்துக்கு, பக்கத்து மேசையில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். பிறகு அதற்கடுத்தவர். இலியாஸின் தோளுக்குமேல் தலைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. மலையாளத்தில் ஒருத்தர் என்னவோ கொஞ்சினார், ஒரு நேபாளி கை தட்டினார், பின்னால் எட்டாமல் எம்பிக் குதித்த யாரோ ஒருவரின் நெற்றி மட்டும் வந்து வந்து போனது.

"இன்னுங் கொஞ்சம் மேல தூக்கச் சொல்லுங்க, பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியலயாம்" என்றார் இலியாஸ்.

"தூக்கு கண்ணு, தூக்கு" என்று காளியண்ணன் டார்ச் லைட்டைக் குழந்தையின் பக்கவாட்டில் பிடித்தார்.

நஜிமா தூக்கினாள். ஒன்பது பத்துப் பேர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அர்ஹான் கடையையும் கடலையும் தாண்டி அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு முகமெல்லாம் சுருக்கி, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான்.

இரண்டு பக்கமும் ஒரே கூச்சல்.