கருப்பில் விழுந்த கோடுகள்

மலேசியாவில், செனாய் தொழிற்சாலையின் இருட்டறையில், திரைகளின் தரம் பார்க்கும் கஸ்தூரி ஒரு சிறு கண்ணாடித் திரையை விளக்குப் பெட்டியின் மேல் வைத்தாள். முழுக்கக் கருப்பாகத் தெரியவேண்டிய திரை. ஆனால் அதில் சாய்வாக நான்கைந்து வெளிச்சக் கோடுகள் தெரிந்தன. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, முடியைவிட மெல்லிய இடைவெளியில் ஒரு திரவம் இருக்கிறது. அதன் மூலக்கூறுகள் வரிசையாகப் படுத்தால்தான் திரை சரியாக இருளும். அதற்காக, திரவம் நிரப்பும் முன்பே, வெல்வெட் துணி சுற்றிய உருளை ஒன்று கண்ணாடியை ஒரே பக்கமாகத் தடவிப் போகும். பதினோரு வருடங்களாகப் பார்த்துப் பார்த்து, அந்தக் கருப்பு கஸ்தூரிக்கு ஆழமான குளம்போல ஆகிவிட்டது. சில மத்தியானங்களில் தான் அதற்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

இந்த வாரம் குளம் கலங்கியிருந்தது. உருளை இயந்திரத்தில் நிற்கும் பிரேமலா கண்ணாடியைச் சரியாகத் துடைக்கவில்லை என்று பொறியாளர் கில்பர்ட் கூட்டத்தில் சொல்லிவிட்டார். இன்று மூன்று மணிக்கு அவளுக்கு வேலைநீக்கக் கடிதம்.

"எப்பவும் போலத்தான் துடைச்சேன்க்கா," என்றாள் பிரேமலா காலையில், கேண்டீனில். தேநீர் அவள் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

கஸ்தூரியின் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடுவதும் கில்பர்ட்தான். அவள் இருட்டறைக்குத் திரும்பி, கழித்துப்போட்ட திரைகளைத் தேதிவாரியாக எடுத்துப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைத் திரைகளிலும் அதே கோடுகள், அதே சாய்வு. அன்று பிரேமலா வேலைக்கே வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல்.

அதில் ஒன்றைக் கில்பர்ட்டின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

"சார், இது அழுக்கு இல்ல. அழுக்குன்னா புள்ளி புள்ளியா விழும். இது சீப்பால இழுத்த மாதிரி இருக்கு. பிரேமலா லீவுல இருந்தப்பவும் வந்திருக்கு."

"ரிப்போர்ட் அனுப்பியாச்சு லா, அக்கா."

"திங்கக்கிழம புதுத் துணி மாத்துனது யாரு சார்?"

மாற்றியது கில்பர்ட்தான்.

அவர் எழுந்துபோய் இயந்திரத்தை நிறுத்தினார். உருளையைக் கையுறை விரலால் வருடினார். துணியின் மயிர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. கழற்றித் திருப்பிச் சுற்றினார். ஒரு சோதனைத் திரையைத் தயாரித்துக் கொண்டுவந்தபோது மணி இரண்டே முக்கால்.

விளக்குப் பெட்டியின் மேல் அது இருண்டு கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை. இருவரும் குனிந்து நெடுநேரம் பார்த்தார்கள்.

"நான்தான் தப்பா சுத்திட்டேன்," என்றார் கில்பர்ட். முகக்கவசத்துக்குள் குரல் மங்கியது.

மூன்று மணிக்கு, மேலாளர் அறையின் கண்ணாடிச் சுவருக்கு இப்பால் கஸ்தூரி நின்றாள். உள்ளே பேசுவது எதுவும் கேட்கவில்லை. கில்பர்ட் மேலாளர் பக்கத்து நாற்காலிக்குப் போகவில்லை. பிரேமலாவுக்கு அருகில் உட்கார்ந்து, முகக்கவசத்தையும் தலையுறையையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் உதடுகள் அசைந்தன. பிரேமலா மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். கடிதம் மேசை நடுவில் இருந்தது. அவர்களுக்குப் பின்னால், ஜன்னல் நிறைய, செம்பனைத் தோட்டத்தின் ஓலைகள் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன.