சொட்டவிட்ட குழாய்

குழாய் ரிப்பேர் கடை முதலாளிக்கு முழங்கால் போய்விட்டது. இனி ஏணி ஏற முடியாது. இந்தத் தடவை எடுக்கிற ஆளும் ஓடிவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று மனைவி சொல்லிவிட்டாள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பவள் அவள்தான். சொன்னால் சொன்னதுதான்.

ஆள் எடுக்க மனுஷன் ஒரு வழி வைத்திருந்தார். முன்னறையில் ஒரு குழாயை வேண்டுமென்றே சொட்டவிட்டு, வந்தவரை அங்கே உட்கார வைப்பார். தானாக எழுந்துபோய் அதைச் சரிசெய்கிறவருக்குத்தான் ஆர்வமாம், அவருக்குத்தான் வேலையாம். இப்படித் தேறிய மூன்று பேரும் வந்த வேகத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அப்போதாவது புத்தி வர வேண்டுமே. இன்றைக்கும் குழாய் சொட்டியது.

முதலில் வந்தவர் உட்காரக்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார், முடுக்கினார், பல்லைக் காட்டினார். வேலை கேட்டு வருகிற இடத்துக்கு யாராவது ஸ்பேனரோடு வருவார்களா? ஊருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. முதலாளிக்கு முகம் தொங்கிப்போனது. அவரை அனுப்பிவிட்டுக் குழாயை மறுபடி தளர்த்தினார்.

அடுத்து வந்த பெண் குழாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தாள்.

"அது சொட்டுறது தெரியலையாம்மா?" என்றார் முதலாளி.

"தெரியுது சார். நீங்க வேணும்னே விட்டிருக்கீங்கன்னும் தெரியுது. நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்க? எனக்கு இந்த வேலை வேணும் சார். வந்தா நிலைச்சு இருக்கணும். அதான் கேக்கறேன்."

சம்பளம் எவ்வளவு, லீவு உண்டா என்பார்களே தவிர, இதை ஒருவரும் கேட்டதில்லை. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எல்லாம் உடம்பு வணங்காத சோம்பேறிங்க," என்றார்.

"பொய் சொல்லாதீங்க," என்றாள் மனைவி, தலையைத் தூக்காமலே. "போற வீட்டுல, அந்த வீட்டுக்காரங்க முன்னாடியே இவர் கண்டபடி திட்டுவார்மா. மூணு பேரும் அழுதுட்டுதான் போனாங்க."

முதலாளிக்குக் காது மடல் சுட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிட, இவளும் எழுந்து போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. "திட்டறதா இருந்தா கடைக்கு வந்தப்புறம் திட்டுங்க சார். அடுத்தவங்க வீட்டுல வேண்டாம். முடியுமா?"

கேள்வி கேட்கப்படுகிறவன் பாடு என்ன என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"தெரியலம்மா," என்றார். "பழகிப்போச்சு. அடக்கிப் பாக்கறேன்."

"உடனே சரின்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் நம்பியிருக்க மாட்டேன்," என்றாள் அவள். "நாளைக்குக் காலையில வர்றேன் சார்."