இரண்டு விரல் கண்ணாடி

கதவின் உள்பலகையைக் கழற்றித் தரையில் சாய்த்துவிட்டு, கோதண்டம் முழங்கை வரை கையைக் காரின் டிரைவர் பக்கக் கதவுக்குள் விட்டிருந்தான். போர்ட்டிகோ நிழலிலும் தகடு சுட்டது. பக்தவச்சலம் டார்ச் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான்.

"மாப்ள, உள்ள அடி. என் மூஞ்சில அடிச்சா பூட்டு சரியாய்டுமா?"

"நேராத்தான் புடிச்சிகினு கீறேன். உன் மண்டதான் குறுக்க வருது, மச்சான்."

பக்தவச்சலம் கோதண்டத்தின் தங்கை சரளாவைக் கட்டியவன். சேலையூரில், ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற வேதசிரோமணியின் வீட்டில் ஆறு வருஷமாக டிரைவர். பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து அந்த அம்பாசடர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்தான் போய் வரும். அதையும் சில வாரம் ஐயாவே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பக்கத்துத் தெருவில் ஒரு கார் திருட்டுப் போனபின் பக்தவச்சலத்துக்கு முக்கிய வேலை, ராத்திரி பின் சீட்டில் படுத்துக் காவல் காப்பதுதான்.

ஐயா, திருடன் கதவைத் திறந்தால் அலறுகிற ஹாரன் ஒன்று வைக்கவேண்டும் என்றதும், "என் மச்சான் தாம்பரத்துல ஷெட் வெச்சிகினு கீறான் சார், தங்கமான வேலைக்காரன்" என்று அழைத்து வந்தவனே பக்தவச்சலம்தான். தங்கை புருஷன் பேர் கெடக்கூடாதே! மற்ற எலெக்ட்ரீஷியன்கள் கதவுக்கு மட்டும் ஸ்விட்ச் வைப்பார்கள். கோதண்டம் நாலு கதவுக்கும் வைத்து, அதற்கு மேல் டிரைவர் பக்கத்துப் பூட்டுக்கும் கதவுக்குள்ளேயே ஒரு ஒயர் இழுத்திருந்தான். இவையெல்லாம் வேலை செய்ய முதலில் போடவேண்டிய மெயின் ஸ்விட்ச் காருக்கு வெளியே ஒளிந்திருந்தது. அது இருக்குமிடம் ஐயாவுக்கும் கோதண்டத்துக்கும் மட்டும் தெரியும். தினம் ராத்திரி பக்தவச்சலம் உள்ளே படுத்துக் கண்ணை மூடிக்கொண்ட பிறகுதான் ஐயா அதைப் போடுவார்.

வந்தது வினை. மூன்று ராத்திரியாகத் திருடனே வராமல் பூட்டு தானாகத் திறந்துகொண்டு ஹாரன் அலறியது. தெருவே எழுந்து வந்தது. இரண்டு தரம் ஷெட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அங்கே பூட்டு சமர்த்தாக இருந்தது. நீ தூக்கத்தில் கதவை நோண்டுகிறாய் என்றார் ஐயா. இன்னொரு தரம் அலறினால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றும் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து சரளா சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது பிள்ளைக்கு அவளுக்கு இது ஏழாம் மாதம்.

"எல்லாம் கரீக்டாத்தான் கீது. இன்னா பேஜாரோ தெர்ல" என்று கோதண்டம் கையை வெளியே எடுத்தான். மணிக்கட்டில் தகடு கீறி ரத்தம் வந்திருந்தது. பக்தவச்சலம் தன் துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டான். கட்டும்போது ஏதோ யோசனை வந்து நிறுத்தினான்.

"மச்சான், உன் ஷெட்டுல தூசின்னு இந்தக் கதவுக் கண்ணாடிய முழுசா மூடிடுவோம். ராத்திரி நான் ரெண்டு விரலு எறக்கி வெச்சிகினுதானே படுக்கறேன்? இல்லாங்காட்டி மூச்சு முட்டுதுபா."

கோதண்டம் அவனையே பார்த்தான். பிறகு மெதுவாகக் கண்ணாடியை இறக்கினான். இரண்டு விரல் இறங்கியதும் அதன் அடிவிளிம்பு ஒயர்மேல் உட்கார்ந்தது. விறைத்த ஒயர் பூட்டுக் கம்பியை இழுத்தது. காரைத் தோளால் ஒரு ஆட்டு ஆட்டினான். டக்கென்று பூட்டு விட்டுக்கொண்டது.

"நீ பொரண்டு படுத்தா பூட்டு தொறக்குது! தப்பு என்னுதுதான் மாப்ள. பெரிய வேலக்காரன்னு ஒயர இழுத்து உன்ன மாட்டிவுட்டுட்டேனே."

"வுடு மச்சான். நல்லது செய்யப்போயி வந்ததுதானே."

அரைமணி நேரத்தில் ஒயரைக் கண்ணாடி தொடாத ஓரமாகத் திருப்பி, ரப்பர் குழாய் போட்டு இறுக்கினான் கோதண்டம்.

"உள்ள போய்ப் படு. கண்ண மூடிக்கோ, ஸ்விட்ச் போடணும்."

"நீயுமா மச்சான்?"

"ஐயா ஆர்டருபா!"

பக்தவச்சலம் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டு, பின் சீட்டில் படுத்து இப்படியும் அப்படியும் புரண்டான். குறட்டை விட்டுக் காட்டினான். கோதண்டம் வெளியிலிருந்து காரைக் குலுக்கினான். பூட்டு அசையவில்லை. ஸ்விட்சை அணைத்ததும் இறங்கி வந்த பக்தவச்சலம் மச்சானைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

சத்தம் கேட்டு வேதசிரோமணி வந்தார். மாப்பிள்ளை கண்டுபிடித்ததைக் கோதண்டம் பெருமையாகச் சொன்னான். ஐயா பக்தவச்சலத்தைத் திரும்பி நிற்கச் சொல்லி, தானே ஸ்விட்சைப் போட்டுவிட்டு, காரைப் பலமாக ஆட்டிப் பார்த்தார்.

"வெரி குட். இனிமே இதை நம்பலாமா, கோதண்டம்?"

"கண்ண மூடிகினு நம்பலாம் சார்."

"பக்தா, நீ நல்லவன். எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வண்டிய நானே ஓட்டிக்கிறேன். காவலுக்கும் இப்ப ஆள் தேவைப்படல. மாசக் கடைசி வரைக்கும் இருந்துக்கோ."

கோதண்டத்தின் கையில் ஸ்பானர் அப்படியே நின்றது. பக்தவச்சலம் சரியென்று தலையை ஆட்டினான். சீட்டில் கிடந்த தன் தலையணை ஞாபகம் வந்து பின் கதவைத் திறந்தான்.

ஹாரன் அலறியது.

கோதண்டம் அணைக்க ஓடினான். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு, இரு. எவ்வளவு தூரம் கேக்குதுன்னு பாக்கலாம்."

எதிர்வீட்டு கேட் திறந்தது. அடுத்த வீட்டு மாடியில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சரளா உறை தைத்துப் போட்ட தலையணையை மார்போடு பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்கப் பக்தவச்சலம் காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.